பழைய ஆர்டர் ஃபைலிலிருந்து ஆங்கிலம்: ஏற்றுமதி அலுவலகத்துக்குப் புதிதாக வருபவர்களுக்கு

திருப்பூரில் ஒரு பனியன் ஏற்றுமதி அலுவலகத்தில், ஆர்டரைத் தொடக்கம் முதல் கடைசி வரை கவனிக்கும் மெர்ச்சண்டைசராகச் சேர்ந்த முதல் மாதம். ஷிப்மெண்ட்டைப் பத்து நாள் முன்னால் அனுப்ப முடியுமா என்று பையர் மெயிலில் கேட்டிருந்தார். "நோட்டட் அண்ட் கன்ஃபர்ம்டு" என்று பதில் போட்டுவிட்டு டீ குடிக்கப் போய்விட்டேன். "மெயில் கிடைத்தது, பார்க்கிறேன்" என்பதைத்தான் அப்படிச் சொன்னதாக என் நினைப்பு. அவர் புதுத் தேதியைப் போட்டு பர்ச்சேஸ் ஆர்டரையே மாற்றி அனுப்பிவிட்டார். துணி அப்போது சாயப்பட்டறையில் கிடந்தது. கடைசியில் பாதிச் சரக்கை எங்கள் செலவில் ஏர் பண்ண, அதாவது விமானத்தில் அனுப்ப வேண்டியதாயிற்று. முதலாளி சத்தம் போடவில்லை. "தம்பி, அந்த ரெண்டாவது வார்த்தை என்ன விலைன்னு இப்பத் தெரிஞ்சுதுங்களா?" என்று மட்டும் கேட்டார்.

நோட்டட் என்றால் படித்துக்கொண்டேன், அவ்வளவுதான். கன்ஃபர்ம்டு என்றால் ஒப்புக்கொண்டேன், இனி அது என் பொறுப்பு. இந்த வித்தியாசம் எந்தப் பள்ளியிலும் சொல்லித் தரப்படவில்லை.

தமிழ் வழியில் படித்து, டிகிரி முடித்து, ஏற்றுமதி அலுவலகத்திலோ ஷிப்பிங் ஏஜெண்டிடமோ புதிதாகச் சேர்ந்தவர்களுக்காக இதை எழுதுகிறேன். தெரியாத சொல் வந்தால் அகராதியைப் பார்த்துவிடுவீர்கள், அதில் ஆபத்தில்லை. தெரியும் என்று நினைத்துக்கொண்டு எழுதுகிற சொல்தான் காசைக் கரைக்கும்.

முதலில் ஒரு முடிந்த ஃபைல்

சொற்பட்டியலை மனப்பாடம் செய்வதில் எனக்கு நம்பிக்கை போய் வெகுநாளாகிறது. அதற்குப் பதிலாக உங்கள் சீனியரிடம், பணம் முழுக்க வந்து முடிந்துபோன ஒரு ஆர்டரின் ஃபைலைக் கேளுங்கள். க்ளெய்ம் வந்து தகராறு ஆன ஃபைலாக இருந்தால் இன்னும் நல்லது. விலை விசாரித்து வந்த முதல் கடிதம் தொடங்கி, பணத்தைக் கழித்துக்கொள்வதாக வரும் கடைசி டெபிட் நோட் வரை வரிசையாகப் படியுங்கள். ஒரு கதை மாதிரி ஓடும்.

ஒரு நோட்டை எடுத்து ஒவ்வொரு பக்கத்தையும் மூன்று கட்டமாகக் கோடு போட்டுக்கொள்ளுங்கள். முதல் கட்டத்தில் அந்தச் சொல் வந்த வாக்கியம் முழுதாக இருக்கட்டும். சொல்லை மட்டும் எழுதி வைத்தால் நாலு நாளில் மறந்துபோகும். இரண்டாவதில் அதன் பொருளை உங்கள் வீட்டுத் தமிழில் எழுதுங்கள். மூன்றாவது கட்டம்தான் முக்கியம்: அந்த வாக்கியம் போன பிறகு என்ன நடந்தது? விலை ஏறியதா, பையர் கோபப்பட்டாரா, வங்கி டாக்குமெண்ட்டைத் திருப்பி அனுப்பியதா? ஒரு நாளைக்கு ஐந்து சொல் போதும். இருபது எழுதினால் நோட்டு நிறையும், தலைக்குள் எதுவும் தங்காது.

கடிதம் நகரும் வரிசை

வணிகக் கடிதச் சொற்களை அகர வரிசையில் படிக்காதீர்கள், சரக்கு நகரும் வரிசையில் படியுங்கள். பையர் விலை விவரம் கேட்பது என்கொயரி. நாம் விலை சொல்வது கொட்டேஷன். அதே விலையை "இந்தத் தேதி வரை மாற்ற மாட்டேன்" என்று கட்டுப்பட்டுச் சொன்னால் அது ஃபர்ம் ஆஃபர். பையர் வேறு விலை சொன்னால் கவுண்டர் ஆஃபர். நூல் விலை வாரத்துக்கு வாரம் ஆடுகிற ஊரில் ஃபர்ம் என்ற சொல்லை யோசித்துத்தான் எழுத வேண்டும். உங்களைக் காப்பாற்ற "சப்ஜெக்ட் டு" என்ற இரண்டு சொல் இருக்கிறது. "சப்ஜெக்ட் டு யார்ன் அவைலபிலிட்டி" என்று சேர்த்துவிட்டால், நூல் கிடைத்தால்தான் இந்த வாக்கு செல்லும் என்று பொருள். நான் முதலில் கற்றிருக்க வேண்டிய சொல் இதுதான்.

அடுத்து புரோஃபார்மா இன்வாய்ஸ். பெயரில் இன்வாய்ஸ் இருந்தாலும் அது பில் இல்லை. சரக்கு போவதற்கு முன் "இப்படித்தான் பில் வரும்" என்று காட்டும் தாள். சரக்கோடு போவது கமர்ஷியல் இன்வாய்ஸ். இரண்டையும் ஒரே பெயரில் சேமித்துவைத்துத் தவறானதை வங்கிக்கு அனுப்பிய புண்ணியவான்களை எனக்குத் தெரியும்.

விலைக்குப் பக்கத்தில் எஃப்ஓபி, சிஐஎஃப் என்று மூன்றெழுத்துகள் நிற்கும். இவை இன்கோடெர்ம்ஸ், அதாவது செலவும் பொறுப்பும் எந்த இடத்தில் கைமாறும் என்று சொல்லும் விதிகள். பாரிஸில் இருக்கும் சர்வதேச வர்த்தகச் சபை 1936-ல் முதன்முதலாக வெளியிட்டது. இப்போதைய 2020 பதிப்பில் 11 விதிகள் உள்ளன. இதில் புதியவர்கள் விழும் குழி சிஐஎஃப். "சிஐஎஃப் ஹாம்பர்க்" என்று எழுதியிருந்தால் ஹாம்பர்க் வரை சரக்குக்கு நாமே பொறுப்பு என்று நினைக்கத் தோன்றும். அப்படி இல்லை. ஹாம்பர்க் வரை கப்பல் கூலியும் இன்சூரன்சும் நம் செலவு. ஆனால் சேதத்தின் பொறுப்பு தூத்துக்குடியில் சரக்கு கப்பலில் ஏறியதுமே பையர் தலைக்குப் போய்விடும். செலவு ஒரு இடத்தில் முடியும், பொறுப்பு வேறு இடத்தில் மாறும்.

இப்போது எல்சி. லெட்டர் ஆஃப் கிரெடிட்டை நாங்கள் யாரும் முழுப்பெயரில் சொல்வதில்லை. கேட்ட டாக்குமெண்ட்டுகளைச் சரியாகக் கொடுத்தால் பணம் தருகிறேன் என்று பையரின் வங்கி எழுதித் தரும் வாக்கு அது. சாதாரண ஆங்கிலச் சொற்களுக்கு இங்கே அளந்து வைத்த பொருள் உண்டு. 2007 ஜூலை 1 முதல் நடப்பில் இருக்கும் யூசிபி 600 என்ற விதித்தொகுப்பில் அவை எழுதி வைக்கப்பட்டிருக்கின்றன. ஒரு மாலை உட்கார்ந்து படித்தால் போதும், வருஷக்கணக்கில் உதவும்.

"அபவுட்" என்ற சொல்லையே எடுத்துக்கொள்ளுங்கள். வீட்டில் பேசும்போது "ஏறக்குறைய" என்று பொருள். எல்சியில் தொகைக்கோ அளவுக்கோ விலைக்கோ முன்னால் அபவுட் என்றோ அப்ராக்சிமேட்லி என்றோ வந்தால் 10 சதவீதம் கூடலாம், குறையலாம். அந்தச் சொல் இல்லாவிட்டாலும், கிலோ மாதிரி எடைக் கணக்கில் போகும் சரக்குக்கு, எல்சியில் வேறு மாதிரி சொல்லாதவரை, 5 சதவீதம் முன்பின் இருக்கலாம், மொத்தத் தொகை மட்டும் எல்சியைத் தாண்டக் கூடாது. ஆனால் பீஸ் கணக்கில் எழுதியிருந்தால் அந்தச் சலுகை கிடையாது. பனியன் எல்லாம் பீஸ் கணக்கு. ஆகவே 10,000 பீஸ் என்றால் 10,000 பீஸ்தான். சரக்கைப் பகுதி பகுதியாக அனுப்பக் கூடாது என்று எல்சியில் இருந்தால், 9,960 போனாலும் வங்கி அதை டிஸ்கிரிபன்சி என்று எழுதிப் பணத்தை நிறுத்தும். டிஸ்கிரிபன்சி என்றால் முரண்பாடு. ஏற்றுமதி அலுவலகத்தில் இந்தச் சொல்லைக் கேட்டால் டாக்குமெண்டேஷன் ஆளுக்கு வயிற்றைக் கலக்கும்.

தேதிச் சொற்களும் அப்படித்தான். ஷிப்மெண்ட் "ஆன் ஆர் அபவுட்" 15-ஆம் தேதி என்றால் ஐந்து நாள் முன்னும் ஐந்து நாள் பின்னும், அதாவது 10 முதல் 20 வரை. "அன்டில்", "டில்", "ஃப்ரம்", "பிட்வீன்" என்று ஷிப்மெண்ட் காலத்தைச் சொன்னால் அந்தத் தேதியும் சேர்த்தி. "பிஃபோர்", "ஆஃப்டர்" என்றால் அந்தத் தேதி சேராது. மாதத்தின் "பிகினிங்" என்றால் 1 முதல் 10, "மிடில்" என்றால் 11 முதல் 20, "எண்ட்" என்றால் 21 முதல் கடைசி நாள் வரை. எனக்கு மிகவும் பிடித்தது இதுதான்: "ப்ராம்ப்ட்", "இமீடியட்லி", "ஆஸ் சூன் ஆஸ் பாசிபிள்" என்று ஷிப்மெண்ட்டைப் பற்றி எழுதியிருந்தால் வங்கி அதைக் கண்டுகொள்ளவே கண்டுகொள்ளாது. அவசரத்தைத் தேதியில் சொல்ல வேண்டும். இந்தப் பழக்கம் சாதாரண மெயிலுக்கும் நல்லது.

தேதி என்றதும் இன்னொன்று. 03/04 என்று எழுதினால் லண்டன்காரருக்கு ஏப்ரல் 3, நியூயார்க்காரருக்கு மார்ச் 4. மாதப் பெயரை எழுத்தில் எழுதிவிடுங்கள். லட்சமும் கோடியும் நம் நாட்டோடு சரி, வெளியே மில்லியன்தான். நாம் 1,00,000 என்று போடும் காற்புள்ளியை அவர்கள் 100,000 என்று போடுவார்கள். ஜெர்மனியில் பையர் 2,50 என்று எழுதினால் அது இரண்டரை யூரோ.

நம் ஊர் ஆங்கிலம் பற்றியும் சொல்ல வேண்டும். "டூ தி நீட்ஃபுல்" என்று எழுதினால் நமக்குள் புரியும். வெளிநாட்டுப் பையருக்கோ என்ன செய்ய வேண்டும் என்றே தெரியாது. செய்ய வேண்டியதை அப்படியே எழுதுங்கள். "ரிவர்ட்" என்பதை நாம் பதில் எழுது என்ற பொருளில் போடுகிறோம். வெளியே பலருக்கு அது பழைய நிலைக்குத் திரும்புவது. அதனால் "ரிப்ளை" போதும். எல்லாவற்றையும் விட ஆபத்தானது "டவுட்". நமக்கு டவுட் என்றால் கேள்வி. "உங்கள் பேமெண்ட் பற்றி ஒரு டவுட்" என்று ஒரு இங்கிலாந்துக்காரருக்கு எழுதினால், அவர் நாணயத்தைச் சந்தேகிப்பதாக எடுத்துக்கொள்வார். "க்வெஸ்ச்சன்" என்று எழுதுங்கள், சண்டை மிச்சம்.

பெயர் விஷயம் சின்னதுதான், சொல்லிவிட்டுப் போகிறேன். மிஸ்டர் என்பதற்குப் பின் அவர்கள் குடும்பப் பெயரைப் போடுவார்கள். பீட்டர் மில்லர் என்றால் மிஸ்டர் மில்லர், மிஸ்டர் பீட்டர் இல்லை. நமக்கோ குடும்பப் பெயரே கிடையாது, இனிஷியல்தான். அதனால் "டியர் மிஸ்டர் கே" என்று பதில் வரும். கையெழுத்தின் கீழ் எந்தப் பெயரால் அழைக்க வேண்டும் என்று எழுதிவிட்டால் தீர்ந்தது.

பாக்கி கேட்கும் கடிதத்தில் இரண்டு சொல் பழக வேண்டும். அவுட்ஸ்டாண்டிங் என்றால் இன்னும் வராத பணம். பள்ளியில் படித்த "மிகச் சிறப்பான" என்ற பொருளை இங்கே மறந்துவிடுங்கள். ஓவர்டியூ என்றால் கெடு தாண்டிய பணம். கெடு தாண்டாத பணத்தை ஓவர்டியூ என்று எழுதினால் பையர் முகம் சுளிப்பார். முதல் நினைவூட்டல் மென்மையாக, "ஒருவேளை கவனத்திலிருந்து தப்பியிருக்கலாம்" என்ற தொனியில் போகட்டும். இரண்டாவதில் இன்வாய்ஸ் எண்ணும் தேதியும் தொகையும் வர வேண்டும். மூன்றாவதை நீங்கள் எழுத வேண்டாம், சீனியர் எழுதட்டும்.

குற்றச் சொற்கள்: தெரிந்திருக்க வேண்டும், அரிதாகத்தான் எழுத வேண்டும்

ஆடை விற்பவனுக்குக் குற்றச் சொற்கள் எதற்கு என்று கேட்கலாம். இன்சூரன்ஸ் பாலிசியைத் திறந்து பாருங்கள், தெஃப்ட், பில்ஃபரேஜ், நான் டெலிவரி என்று இருக்கும். தெஃப்ட் பொதுவான திருட்டு. பில்ஃபரேஜ் என்றால் பெட்டியைக் கிழித்துக் கொஞ்சம் கொஞ்சமாக உருவுவது. துறைமுகத்திலும் கிடங்கிலும் நடப்பது பெரும்பாலும் இதுதான். மிரட்டியோ அடித்தோ பிடுங்கினால் ராபரி. திருடுவதற்காகக் கட்டடத்துக்குள் அத்துமீறிப் புகுந்தால் பர்க்லரி. இலக்கணத்தில் ஒரு நுணுக்கம்: ஸ்டீல் என்ற வினைக்குப் பின் திருடுபோன பொருள் வரும், ராப் என்பதற்குப் பின் பறிகொடுத்த ஆளோ இடமோ வரும். பணத்தை ஸ்டீல் பண்ணுவார்கள், வங்கியை ராப் பண்ணுவார்கள்.

அலுவலகத்துக்குள் நடக்கும் குற்றங்களுக்கு வேறு சொற்கள். நம்பி ஒப்படைத்த பணத்தைக் கையாடினால் எம்பெஸில்மெண்ட். ஏமாற்றிப் பணம் பறித்தால் ஃப்ராட், அதாவது மோசடி. கையெழுத்தையோ ஆவணத்தையோ போலியாகச் செய்தால் ஃபோர்ஜரி. அடுத்தவர் பிராண்டை அச்சாகப் போலி செய்தால் கவுண்டர்ஃபீட். பையரின் லோகோ போட்ட மிச்ச பனியனை வெளியே விற்பது பற்றி ஒப்பந்தத்தில் தனிப் பத்தியே இருக்கும், அதைப் படித்துவிடுங்கள். நாம் சாதாரணமாக "ஃபோர் ட்வென்டி" என்று திட்டுவது இந்திய தண்டனைச் சட்டத்தின் 420-ஆம் பிரிவிலிருந்து வந்தது. 2024 ஜூலை 1 முதல் பாரதிய நியாய சன்ஹிதா வந்துவிட்டது, அதே குற்றம் இப்போது 318(4). ஆனால் யாரையும் "த்ரீ எய்ட்டீன்" என்று திட்டி நான் கேட்டதில்லை.

லஞ்சச் சொற்கள் பையரின் நடத்தை விதித் தாளில் வரும். பிரைப் என்றால் லஞ்சம். ஆர்டர் கொடுத்ததற்காகப் பின்வாசல் வழியே திரும்பும் பங்கு கிக்பேக். வேலை சீக்கிரம் நகரக் கொடுக்கும் சில்லறைக்கு ஃபெசிலிடேஷன் பேமெண்ட் என்று பெயர். நம் ஊரில் "ஸ்பீடு மணி" என்போம். அமெரிக்காவின் 1977-ஆம் வருஷச் சட்டத்தில் இந்தக் கடைசி வகைக்கு ஒரு விலக்கு உண்டு. பிரிட்டனின் 2010 லஞ்சச் சட்டத்தில் கிடையாது. பிரிட்டிஷ் பையரின் ஆடிட்டர் முன்னால் சிரித்துக்கொண்டே அந்தச் சொல்லை உச்சரிக்காதீர்கள்.

சொற்கள் தெரிந்தாயிற்று. இனி அவற்றை எழுதாமல் இருக்கப் பழக வேண்டும். பத்து கார்ட்டன் குறைந்தால் "உங்கள் டிரைவர் திருடிவிட்டார்" என்று எழுதக் கூடாது. நீங்கள் பார்த்ததை மட்டும் எழுதுங்கள்: சீல் உடைந்திருந்தது, எண்ணியபோது பத்து கார்ட்டன் குறைந்தது, இந்த நேரத்தில் இன்னார் முன்னிலையில் எண்ணினோம். ஆங்கிலத்தில் "ஃபவுண்ட் ஷார்ட்", "ஃபவுண்ட் டேம்பர்டு வித்" என்ற இரண்டு வடிவமும் இதற்கு உதவும். யார் செய்தார்கள் என்பதை அவை சொல்லாது. செய்தித்தாள்கள் "அலெஜ்டு" என்று போடுவதும் இதற்காகத்தான். சஸ்பெக்ட் என்றால் சந்தேகத்துக்கு உள்ளானவர், அக்யூஸ்டு என்றால் குற்றம் சாட்டப்பட்டவர், கன்விக்டட் என்றால் நீதிமன்றத்தில் குற்றம் நிரூபிக்கப்பட்டவர். மூன்றையும் கலந்தால் வழக்கு நம் மேல் திரும்பும்.

ஒரு குற்றத்தை மட்டும் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன், ஏனென்றால் அதுவே மெயில் வழியாகத்தான் வருகிறது. நூல் சப்ளையரிடமிருந்தோ வெளிநாட்டு ஏஜெண்டிடமிருந்தோ வந்தது போல ஒரு மெயில் வரும்: எங்கள் பழைய கணக்கு ஆடிட்டில் இருக்கிறது, இந்தப் புதுக் கணக்கில் பணம் போடுங்கள் என்று. "கைண்ட்லி நோட் தி சேஞ்ச் இன் அவர் பேங்க் டீட்டெய்ல்ஸ்" என்று ஆங்கிலம் பிசிறில்லாமல் இருக்கும். அனுப்பியவர் முகவரியை எழுத்துக்கூட்டிப் பாருங்கள். எம் என்ற எழுத்து இருக்க வேண்டிய இடத்தில் ஆர், என் இரண்டையும் ஒட்டி வைத்திருப்பார்கள், திரையில் எம் மாதிரியே தெரியும். நாம் ஏமாறுவது போலவே நம் பையரும் நம் பெயரில் வந்த போலி மெயிலுக்கு ஏமாறலாம். கணக்கு மாற்றம் என்று எந்த மெயில் வந்தாலும் அதற்கு ரிப்ளை போடாமல், ஏற்கெனவே உங்களிடம் இருக்கும் எண்ணில் கூப்பிட்டுக் கேளுங்கள். மெயிலின் அடியில் இருக்கும் எண்ணில் கூப்பிட்டால் திருடனே "ஆமாம், மாற்றிவிட்டோம்" என்பான். பணம் போய்விட்டது தெரிந்தால் உடனே வங்கிக்குச் சொல்லிவிட்டு, சைபர் மோசடிப் புகாருக்கான 1930 என்ற எண்ணுக்கு அழையுங்கள்.

அந்தப் பக்க நாற்காலி

இரண்டு மூன்று வருஷத்தில் உங்களுக்குக் கீழே நாலு பேர் வருவார்கள். அப்போது தலைமைச் சொற்கள் தேவைப்படும். இந்தத் தலைப்பில் எழுதப்படுவதில் பாதி அலங்காரம். "விஷன்", "சினர்ஜி" எல்லாம் சுவரில் ஒட்டுவதற்கு. ஃபேக்டரிக்கு வேண்டியவை கொஞ்சம்தான்.

ரெஸ்பான்சிபிள் என்றால் வேலையைச் செய்பவர். அக்கவுண்டபிள் என்றால் அந்த வேலைக்குப் பதில் சொல்பவர். வேலையை நாலு பேர் செய்யலாம், பதில் சொல்ல ஒருவர்தான் இருக்க வேண்டும். டெலிகேட் என்றால் அதிகாரத்தோடு சேர்த்து வேலையை ஒப்படைப்பது. வேலையை மட்டும் தள்ளிவிடுவதற்கு ஆங்கிலத்தில் வேறு பெயர் உண்டு, அது நாகரிகமில்லை. எஸ்கலேட் என்றால் மேலிடத்துக்குக் கொண்டுபோவது. நம் அலுவலகங்களில் இதைப் போட்டுக்கொடுப்பதாக எடுத்துக்கொள்கிறார்கள், அதனால் பிரச்சினை முற்றும்வரை யாரும் வாய் திறப்பதில்லை. "என்னால் முடிகிற எல்லை தாண்டிவிட்டது, நீங்கள் முடிவு சொல்லுங்கள்" என்பதைத் தவிர அதில் ஒன்றுமில்லை என்று முதல் நாளே உங்கள் ஆட்களுக்குச் சொல்லிவிடுங்கள்.

இரட்டை முகம் கொண்ட சொற்களும் உண்டு. ஓவர்சைட் என்றால் மேற்பார்வை, அதே சொல்லுக்கு கவனக்குறைவால் வந்த பிழை என்றும் பொருள். சாங்ஷன் என்றால் அனுமதி, தண்டனைத் தடையும் அதுவே. கூட்டத்தில் ஒரு விஷயத்தை "டேபிள்" செய்யலாம் என்று பிரிட்டிஷ்காரர் சொன்னால் இப்போதே பேசுவோம் என்று பொருள், அமெரிக்கர் சொன்னால் இப்போது வேண்டாம், தள்ளிவைப்போம் என்று பொருள். இருவரும் ஒரே அழைப்பில் இருந்தால் எந்த அர்த்தம் என்று கேட்டுவிடுங்கள். கேட்பதில் வெட்கமில்லை.

தவறை ஒப்புக்கொள்ளும் வாக்கியத்தைத் தனியாகப் பழக வேண்டும். தமிழில் நமக்கு ஒரு வசதி இருக்கிறது: "லேட் ஆயிடுச்சு", "டேமேஜ் ஆயிடுச்சு". யாரும் செய்யவில்லை, அதுவாக ஆனது. இதை அப்படியே "மிஸ்டேக் ஹேப்பண்டு" என்று எழுதினால் பையருக்கு மழுப்பல் மாதிரி படும். "வீ மிஸ்டு தி டேட்" என்று நம்மை எழுவாயாக வைத்து எழுதி, அடுத்த வாக்கியத்தில் புதுத் தேதியைக் கொடுங்கள். அதே மாதிரி "வில் ட்ரை". "பார்க்கலாம்" என்பதை மரியாதையாகச் சொல்வதாக நாம் எழுதுகிறோம், பாதிப் பேர் அதை சரி என்றே எடுத்துக்கொள்கிறார்கள். முடியாது என்றால் முடியாது, முடியும் என்றால் எந்தத் தேதிக்கு.

வாயில் வரும்வரை

எழுத்தில் பழகிய சொல் ஃபோனில் காலை வாரும். கடன் என்ற பொருளில் வரும் டெட் (debt) என்பதில் b ஒலிக்காது, ரிசீட் (receipt) என்பதில் p ஒலிக்காது. டெலிகேட் வினையாக வரும்போது கடைசியில் "கேட்" என்று நீளும், பிரதிநிதி என்ற பெயர்ச்சொல்லாக வரும்போது "கட்" என்று குறுகும். தினமும் மாலை, அன்று அனுப்பிய மெயில்களில் ஒன்றை வாய்விட்டுப் படித்து ஃபோனில் பதிவு செய்து கேளுங்கள். முதல் வாரம் உங்கள் குரல் உங்களுக்கே பிடிக்காது, பரவாயில்லை.

எழுத்துக்கூட்டிச் சொல்வதையும் பழகுங்கள். "எம் ஃபார் மதர், என் ஃபார் நாக்பூர்" என்று நாம் சொல்வது அக்கரையில் எப்போதும் எடுபடாது. ஆல்ஃபா, பிராவோ, சார்லி என்று போகும் 26 சொல் வரிசை ஒன்று இருக்கிறது, அதில் எம் மைக், என் நவம்பர், ஆர் ரோமியோ. ஒரு சீட்டில் எழுதி மானிட்டர் ஓரத்தில் ஒட்டிக்கொள்ளுங்கள். அடுத்த முறை கணக்கு மாறிவிட்டது என்று மெயில் வந்தால், அந்த முகவரியில் இருப்பது மைக்கா, இல்லை ரோமியோவும் நவம்பருமா என்று ஃபோனில் கேட்கத் தேவைப்படும்.